கெசியாவுக்கு ஒரு அனுமதிக் கடிதம்

டன்மோர் கவுண்டி வரலாற்றுப் பலகை ஆணையத்தின் முன்னால் வெர்லீன் கார்னிஷ் முதல்முறை போய் நின்றபோது, தலைவர் எவரெட் ஸ்லோகம் கேட்ட முதல் கேள்வியிலேயே அவளுக்குத் தலை சுற்றியது.

"கெசியாங்கிற அந்தப் பொண்ணு தப்பிச்சுப் போனாங்கிறீங்க. சரி. அவ திரும்பி வரலைங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

வெர்லீன் இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ கேள்வி கேட்டு அவள் உயிரை வாங்கியிருக்கிறார்கள். இந்த மாதிரி ஒரு கேள்வியை அவள் கேட்டதில்லை.

"திரும்பி வரலை சார். அதனாலதான் நாங்க அவ தப்பிச்சான்னு சொல்றோம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். வரலைன்னா பதிவு இருக்காது. பதிவு இல்லைன்னா அது எங்களுக்குத் தெரியாது." ஸ்லோகம் இரக்கத்தோடு சிரித்தார். பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். வலிக்காது என்று சொல்லிக்கொண்டே பிடுங்குகிற அந்தச் சிரிப்பு அவரை விட்டுப் போகவில்லை.

கெசியா, வெர்லீனுடைய அம்மா வழியில் ஐந்தாம் தலைமுறை முன்னோர். 1854-இல், அடிமையாக இருந்த கோல்பர்ன் பண்ணையிலிருந்து, மூன்று வயது மகள் டெல்லாவை முதுகில் கட்டிக்கொண்டு, சதுப்பு நிலத்துக்குள் இறங்கி ஓடியவள். இரண்டாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. பிளாக்ரஷ் சாலையோரம், பெர்சிமன் என்ற பழமரத்தின் அடியில் வைத்துப் பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது. கையாலேயே குழி தோண்டி மூடி, அடையாளத்துக்கு ஏழு சிப்பி ஓடுகளை மேலே வைத்துவிட்டு, கெசியா தனியாக வடக்கே போய்ச் சேர்ந்தாள். அடிமை முறையை ஒழித்த போர் முடிந்து வந்த அவளுடைய தம்பிமார்கள், அவள் சொல்லி அனுப்பிய அடையாளத்தை வைத்துச் சிப்பிகளைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் ஆகஸ்ட் மாதம், பெத்தேல் தேவாலயத்தில் ஊர் கூடும் ஞாயிறன்று, குடும்பத்தில் யாராவது ஒருவர் போய் ஒரு புதுச் சிப்பியை வைத்துவிட்டு வருவார்கள். பெயர் எழுதிய கல் கிடையாது. எழுதினால் யாராவது பெயர்த்துவிடுவார்கள் என்ற பயம் முதலில்; பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

இத்தனை காலம் யாரும் தொந்தரவு செய்யவில்லை. போன வசந்தத்தில்தான் சாலைத் துறை ஆட்கள் வந்து ஆரஞ்சு நிறத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். கோடு நேராகச் சிப்பிகளின் மேல் போயிற்று. வெர்லீன் நேராகச் சாலைத் துறைக்குப் போனாள். அங்கே இருந்தவர் நல்ல மனுஷன்தான். ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இங்க கல்லறைன்னு எதுவும் பதிவு இல்லையேம்மா" என்றார். "ஒண்ணு செய்யுங்க. இந்த இடத்துல இன்னது நடந்ததுன்னு எழுதி வைக்கிற வரலாற்றுப் பலகை ஒண்ணு வாங்கி நட்டுடுங்க. பலகை நின்னுடுச்சுன்னா அதைச் சுத்திப் பத்து கஜத்துக்கு எங்க இயந்திரம் உள்ளயே வராது. சட்டம்."

அப்படித்தான் வெர்லீன் ஆணையத்தின் வாசலை மிதித்தாள்.

அத்தாட்சிக்கு வருவோம். குடும்பத்தில் வாய்வழியாக வந்த கதை செல்லாது என்றார்கள். கடைசியில் ஆணையமே ஒரு அத்தாட்சியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது: கெசியாவைப் பிடித்துத் தருவோருக்கு வெகுமதி என்று பண்ணை எசமான் கோல்பர்ன் அந்தக் காலத்துப் பத்திரிகையில் போட்ட விளம்பரம். "முன்பல்லில் சந்து, பேச்சில் தந்திரம், போகும்போது ஒரு போர்வையையும் எடுத்துப் போயிருக்கிறாள்" என்று இருந்தது.

ஸ்லோகத்துக்கு ஏக மகிழ்ச்சி. "பாருங்க மிஸ் வெர்லீன், மிஸ்டர் கோல்பர்ன் மட்டும் அன்னைக்கு அக்கறையா விளம்பரம் குடுக்கலைன்னா உங்க கெசியாவை இன்னைக்கு யாருக்குத் தெரியும்? வரலாறு அவருக்குக் கடமைப்பட்டிருக்கு."

வெர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா சார், ரொம்ப அக்கறையான மனுஷன்தான்" என்றாள். அவளுக்குப் பலகை வேண்டியிருந்தது.

அடுத்தது நில உரிமையாளரின் சம்மதம். சாலையோர நிலம் இன்றைக்கும் கோல்பர்ன் குடும்பத்துக்குத்தான் சொந்தம். ஆகவே கெசியா தப்பித்துப் போனதை நினைவுகூர, அவள் யாரிடமிருந்து தப்பித்தாளோ அந்தக் குடும்பம் எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். அடிமைக் காலத்தில் பண்ணையை விட்டு வெளியே காலடி வைக்க எசமான் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆணையத்தில் மட்டும் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

மிஸஸ் ப்ரிசில்லா கோல்பர்ன் ஆணையத்தின் உறுப்பினரும்கூட. முத்துமாலையைத் தடவிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

"எங்க குடும்பத்துக்கு அவ மேல ஒரு கோபமும் கிடையாது. நாங்க எப்பவோ மன்னிச்சுட்டோம். அந்தப் போர்வையைப் பத்திக்கூட நாங்க பேசுறதில்ல."

"உங்களுக்குப் பெரிய மனசும்மா" என்று ஸ்லோகம் உருகினார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாத ஒரே ஆளை எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் வெர்லீனும் தட்டினாள்.

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்துக்கு வந்த அவளுடைய பெரியப்பா மகன் ருஃபஸிடம் கடிதத்தைக் காட்டினாள். ருஃபஸ் சிப்பி எடுக்கிற தொழில்காரன், தேவாலயத்தில் ஊழியம் பார்க்கும் டீக்கன். படித்துப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, நூத்தி எழுபது வருஷம் கழிச்சு கெசியாவுக்கு லீவு சாங்ஷன் ஆயிடுச்சு போ!"

"சிரிக்காதடா. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"பின்ன அழவா சொல்றே?"

மூன்றாவது கூட்டம் வாசகத்துக்கு. விதிப்படி நாற்பது சொல்லுக்கு மேல் கூடாது. வெர்லீன் ஒரு வாரம் உட்கார்ந்து சரியாக நாற்பது சொல்லில் எழுதிக் கொண்டுபோயிருந்தாள். ஸ்லோகம் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"'அடிமை' வேண்டாம். சாலையில போறவங்க குடும்பத்தோட போவாங்க, சங்கடப்படுவாங்க. 'வசித்தவர்'னு போடுவோம். 'தப்பி ஓடினாள்'னா யாரோ துரத்துன மாதிரி இருக்கு."

"துரத்துனாங்க சார். நாயை விட்டுத் துரத்துனாங்க."

"நாய்க்கு இடமில்லை. நாற்பது சொல்தான்." அடுத்த வரிக்குப் போனார். "இந்தக் குழந்தை... டெல்லா. இது வேண்டியதில்லையே."

வெர்லீன் பேனாவுக்குக் குறுக்கே விரலை வைத்தாள். "சார், அந்தப் பிள்ளைக்காகத்தான் அவ ஓடினதே. அது அங்கதான் படுத்திருக்கு."

"எனக்கும் பேரப் பிள்ளைங்க இருக்கு, மிஸ் வெர்லீன், புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க, பலகை தப்பிச்சுப் போனதுக்கு. குழந்தை போய்ச் சேரலை. அப்ப அது இந்தத் தலைப்புக்குள்ள வராது."

இதை அவர் கொஞ்சமும் கடுமையில்லாமல் சொன்னார். அதுதான் கொடுமை. உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். குழந்தை போயிற்று. அதனால் மிச்சமான சொற்களில் மிஸஸ் கோல்பர்ன் ஒரு நன்றி சேர்க்கச் சொன்னாள். கடைசியில் வாசகம் இப்படி நின்றது:

"1854-இல் கோல்பர்ன் பண்ணையில் வசித்த கெசியா என்பவர் ஒரு போர்வையுடன் இவ்வழியே பண்ணையைவிட்டு வெளியேறினார். பண்ணைக் குடும்பத்தின் அன்பான அனுமதியுடன் இப்பலகை நிறுவப்பட்டது."

அந்தக் கூட்டத்திலேயே இன்னொரு வழக்கும் வந்தது. நகரில் கார் கழுவும் கடை வைத்திருக்கும் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் கடை வாசலில் எந்தக் காலத்திலோ ஓடிச் செத்த ஒரு பந்தயக் குதிரைக்குப் பலகை நிற்கிறது. அதைப் படிக்க வருகிறவர்கள் சோப்புத் தண்ணீரில் நனைந்துபோய் அவரைத் திட்டுகிறார்கள். நகர்த்த வேண்டாம், கொஞ்சம் திருப்பியாவது வைக்கலாமா என்று கெஞ்சினார்.

ஸ்லோகம் எழுந்தே நின்றுவிட்டார். "விதி பதினான்கு! ஒருமுறை தரையில் நின்றுவிட்ட பலகையை நகர்த்தவோ, உயர்த்தவோ, திருப்பவோ, சாய்க்கவோ எவருக்கும் அதிகாரமில்லை. இந்த ஆணையத்துக்கே இல்லை. என் கையால் நானே எழுதின விதி. வரலாற்றை வசதிக்குத் திருப்ப முடியாது, சார்!"

கார் கழுவுகிறவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். வெர்லீன் அந்த விதியைச் சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள்.

நான்காவது கூட்டம் செவ்வாய்க்கிழமை. இடம் குறிக்க எல்லோரும் பிளாக்ரஷ் சாலைக்கே வந்தார்கள். சாலை விளிம்பிலிருந்து பன்னிரண்டு அடி, பக்கத்திலுள்ள பெரிய மரத்துக்கு நேராக என்பது விதி. ஸ்லோகம் நாடாவைப் பிடித்து அளந்து, சிவப்புக் கொடி கட்டிய கம்பியை ஊன்றினார். ஒரு சிப்பி ஓடு படக்கென்று உடைந்தது.

"ஐயோ சார்! அது பிள்ளை மேல!"

"இங்கதான் விதிப்படி வருது. துளைக்கிற வண்டி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரும். நாலடி ஆழம், காங்கிரீட்."

"எட்டு அடி தள்ளி நட்டுக்கலாம் சார். கும்பிடுறேன்."

"கல்லறைன்னு சொல்றீங்களா?" ஸ்லோகத்தின் முகம் கவலையாயிற்று. "அப்படின்னா இது எங்க வேலையே இல்லை. கல்லறைக் குழுவுக்குப் போகணும். அவங்க பதினோரு மாசம் எடுத்துப்பாங்க. அதுவரைக்கும் பலகையை நிறுத்தி வெச்சிடட்டுமா? சாலை வேலை திங்கட்கிழமை ஆரம்பம்னு கேள்வி."

வெர்லீன் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். பலகை வேண்டாம் என்றால் திங்கட்கிழமை சாலை இயந்திரம் பிள்ளை மேல் ஏறும். வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமையே துளைக்கிற வண்டி பிள்ளைக்குள் இறங்கும்.

"நிறுத்த வேண்டாம் சார். வெள்ளிக்கிழமையே வெச்சிடுங்க" என்றாள்.

"நல்ல பொண்ணு" என்றார் ஸ்லோகம். வெர்லீனுக்கு வயது ஐம்பத்தெட்டு.

மறுநாளே ருஃபஸைப் பிடித்தாள். பலகையை விண்ணப்பதாரரே சுமந்து வர வேண்டும் என்பது விதி; ஆகவே அது ருஃபஸின் வண்டியில்தான் கிடந்தது. "மண்வெட்டி, சீக்கிரம் இறுகுற காங்கிரீட் மூட்டை, தண்ணி. எல்லாம் எடுத்துட்டு ஒன்பது மணிக்கே நீ பாலத்துக்கு அந்தப் பக்கச் சாலை வழியா வந்துடு. சிப்பிக்கு எட்டு அடி தள்ளித் தோண்டு. நாங்க பத்து மணிக்கு வர்றப்போ பலகை நிக்கணும். அவ்வளவுதான்."

"அந்த காங்கிரீட் இறுக இருபது நிமிஷம் ஆகும்க்கா."

"அதுக்குத்தான்டா ஒன்பது மணி."

வெள்ளிக்கிழமை விழா நிரல்படி முதலில் பாட்டுப் பாடும் பள்ளிப் பிள்ளைகளோடு வெர்லீனின் பேருந்து, பின்னால் ஸ்லோகத்தின் கார், அதன் பின்னால் மிஸஸ் கோல்பர்ன், கடைசியில் துளைக்கிற வண்டி. ஊர்வலம் சதுப்பு நிலத்துக்குள் நுழைந்தது. சின்னப் பாலத்தைத் தாண்டினால் பெர்சிமன் மரம். வெர்லீன் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ருஃபஸ் அப்போதுதான் வண்டியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான். அந்தப் பக்கச் சாலையில் கடல்நீர் ஏறிவிட்டிருக்கிறது! அமாவாசை ஏற்றம். சிப்பி எடுக்கிறவனே அதை மறந்திருக்கிறான், படுபாவி!

வெர்லீனுக்கு யோசிக்க நேரமில்லை. முன்கதவு மட்டும் பாலத்தைத் தாண்டியிருக்கும்படி பேருந்தை நிறுத்தினாள். பேருந்தின் அகலத்துக்கு மேல் ஒரு ஆள் நுழையக்கூட இடமில்லாத பாலம் அது. சிவப்பு விளக்குகளைப் போட்டாள். பக்கவாட்டிலிருந்து 'நில்' என்ற சிவப்புப் பலகை கை நீட்டியது. அந்தக் கை நீண்டிருக்கும் வரை எந்த வண்டியும் அசையக் கூடாது. இந்த நாட்டில் அதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது.

"பிள்ளைங்களா, ஒவ்வொருத்தரா இறங்கணும். நான் கை காட்டின பிறகுதான் அடுத்த ஆள். அவசரம் வேண்டாம். ஷூ நாடாவெல்லாம் சரியா கட்டியிருக்கான்னு பாருங்க."

இருபத்திமூன்று பிள்ளைகளுக்கும் நாடா அவிழ்ந்திருந்தது போலத் தோன்றியது. ஒருத்தி இறங்கினாள், பாட்டுத் தாளை மறந்துவிட்டு மறுபடி ஏறினாள். முன்னால் ருஃபஸின் மண்வெட்டி விழுகிற சத்தம் தொம் தொம்மென்று கேட்டது.

பின்னால் காரிலிருந்து இறங்கிய ஸ்லோகம் பேருந்தின் பின்கதவைத் திறந்தார். "என்ன மிஸ் வெர்லீன், பாலத்துலயே நிறுத்திட்டீங்க? அங்க என்ன சத்தம்?"

"மரங்கொத்தி சார்."

"நகர்த்துங்க வண்டியை."

"பிள்ளைங்க இறங்குறாங்க சார். இப்ப நகர்த்தினா என் வேலை போயிடும்."

ஸ்லோகம் துளைக்கிற வண்டிக்காரனைக் கூப்பிட்டார். டுவைட் என்று பெயர், சாதுவான பையன். அவன் ஜன்னலைக்கூட முழுக்க இறக்கவில்லை. "அந்தக் கை மடங்கற வரைக்கும் நான் பிரேக்குலேர்ந்து கால் எடுக்க மாட்டேன் சார். லைசென்ஸ் போச்சுன்னா யார் சோறு போடுவா?"

"சரி, பேருந்துக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போறேன்" என்று ஸ்லோகம் பின்கதவுப் படியில் கால் வைத்தார்.

வெர்லீன் உள்ளே நடந்து வந்து கையை நீட்டித் தடுத்தாள். "மன்னிக்கணும் சார். பிள்ளைங்க இருக்கிற வண்டியில வெளியாள் ஏறணும்னா கைரேகை குடுத்து அனுமதி வாங்கணும். விண்ணப்ப ஃபாரம் பள்ளி அலுவலகத்துல இருக்கு. ஆறு வாரம் ஆகும்."

"நான் ஆணையத் தலைவர்!"

"ஃபாரத்துல அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு சார்."

எட்டு பிள்ளைகள் இறங்கியிருந்தார்கள். மண்வெட்டிச் சத்தம் நின்றது. தண்ணீர் ஊற்றுகிற ஓசை. இனிமேல்தான் இருபது நிமிடம். வெர்லீன் இறங்கி நின்று எண்ணினாள், மறுபடி எண்ணினாள்.

"எண்ணிக்கை இடிக்குதே. எல்லாரும் ஏறுங்க. முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எண்ணிக்கை தப்பியதே இல்லை. பிள்ளைகளுக்கு அது தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சத்தமில்லாமல், ரொம்ப மெதுவாக ஏறினார்கள்.

ஸ்லோகத்துக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. முகம் சிவந்தது. பாலத்திலிருந்து சேற்றில் இறங்கிச் சுற்றிப் போகப் பார்த்தார். ஒரு கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று.

"பார்த்து சார்" என்றாள் வெர்லீன். "கெசியா இந்தச் சேத்துலதான் போனா. முதுகுல பிள்ளையோட. ரெண்டு நாள்."

ஸ்லோகம் அவளை நிமிர்ந்து பார்த்தார். காலைப் பிடுங்கினார், கால் வந்தது, ஷூ வரவில்லை. பாலத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

பத்து நிமிடம் போயிற்று. ஸ்லோகம் சட்டைப்பையிலிருந்து தன் உரையை எடுத்து, ஒரு காலில் ஷூ இல்லாமல், மிஸஸ் கோல்பர்னுக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தார்.

"இந்த நிகழ்ச்சியில் இரு தரப்பின் பொறுமையும் போற்றத்தக்கது. போனவளும் பொறுமையாகப் போனாள். இழந்தவர்களும் பொறுமையாகத் தேடினார்கள்..."

"அழகு! 'இழந்தவர்கள்' ரொம்ப அழகு!" என்றாள் மிஸஸ் கோல்பர்ன்.

அந்த நேரம் பார்த்து ருஃபஸ் பேருந்தின் முன்பக்கம் ஓடி வந்தான். குரலைத் தாழ்த்தி, "அக்கா, கம்பம் பிடிச்சுக்கிட்டே வருது. இன்னும் கொஞ்சம்தான் திரும்பும். எழுத்து எந்தப் பக்கம்? சாலையைப் பார்த்தா?" என்றான்.

வெர்லீன் பின்னால் கேட்ட உரையைக் காதில் வாங்கினாள். பலகையின் வாசகத்தை மனசுக்குள் ஒருமுறை படித்தாள். ஒரு போர்வை. அன்பான அனுமதி.

"சதுப்பைப் பார்த்து வைடா. கெசியா போன பக்கம்."

"அக்கா, அப்ப சாலையில போறவனுக்கு வெறும் முதுகுதானே தெரியும்?"

"தெரியட்டும். சீக்கிரம் ஓடு!"

இருபத்திமூன்றாவது பிள்ளை இறங்கியது. எண்ணிக்கை சரியாக இருந்தது. சிவப்புக் கை மடங்கியது. வெர்லீன் பேருந்தைப் பாலத்தைத் தாண்டி ஓரங்கட்டினாள்.

சிப்பிகளுக்கு எட்டு அடி தள்ளிப் பலகை நின்றது. சாலையைப் பார்த்தபடி பச்சை வண்ணம் பூசிய வழவழப்பான முதுகு. ஒரு எழுத்து இல்லை. சிப்பிகள் மரத்தடியில் இருந்த இடத்திலேயே இருந்தன. ஸ்லோகம் நொண்டி நொண்டி வந்து பார்த்தார்.

"திருப்புங்க! இப்பவே திருப்புங்க!"

டுவைட் கம்பத்தைக் காலால் உதைத்துப் பார்த்தான். "இறுகிடுச்சு சார். திருப்பணும்னா பெயர்க்கணும்."

"யார் நட்டது இதை? நாங்க நடலையே!"

"யார் நடணும்னு விதியில இல்லையே சார்" என்றாள் வெர்லீன். "நின்னுட்டாப் போதும்னு இருக்கு. விதி பதினான்கு. நகர்த்தவோ, உயர்த்தவோ, திருப்பவோ, சாய்க்கவோ."

ஸ்லோகம் ஒரு எட்டு பின்வாங்கினார். அந்த நேரத்தில் அவர் மனசுக்குள் குதிரைப் பலகையும் கார் கழுவுகிறவரும் வந்து போனார்களா என்பது தெரியாது. ஆனால் தன் கையால் எழுதின விதியைத் தானே மீறுகிற ஆள் இல்லை அவர். அந்த ஒரு மரியாதையை அவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விழா நடந்தது. பிள்ளைகள் பாடினார்கள். உரை வாசிக்கப்பட்டது. வாசகத்தோடு படம் எடுக்க வேண்டும் என்று பத்திரிகைக்காரன் சொன்னதால் ஆணையம் முழுவதும் சேற்றில் இறங்கி நின்று சிரித்தது. மிஸஸ் கோல்பர்னின் வெள்ளைச் செருப்பு இரண்டும் அங்கேயே தங்கிவிட்டன. பலகை அங்கீகரிக்கப்பட்டபடி நிறுவப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

திங்கட்கிழமை சாலை இயந்திரம் வந்தது. இறங்கியவன் பலகையைப் பார்த்தான். பத்து கஜம் அளந்தான். ஆரஞ்சுக் கோட்டை அழித்துவிட்டு அந்தப் பக்கமாக வளைத்துப் போட்டான்.

அதற்குப் பிறகு ஒரு தொல்லை ஆரம்பித்தது. எழுதிய பலகைகளைத் தாண்டி வேகமாகப் போகிறவர்கள் எல்லாம், எழுதாத இந்தப் பலகையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்கள். அக்டோபரில் ஒரு நாள், வேறு மாநிலத்து எண் பலகை வைத்த கார் ஒன்று அங்கே நின்றிருந்தது. ஒரு பெண் இறங்கி, வெற்றுப் பலகையையும் மரத்தடியில் வெளுத்த சிப்பிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்லீன் பேருந்தின் வேகத்தைக் குறைத்தாள்.

"ஏங்க, இதுல ஒண்ணுமே எழுதலையே, இங்க என்ன நடந்தது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

வெர்லீன் வாயைத் திறப்பதற்குள் பேருந்தின் ஜன்னல்கள் எல்லாம் தடதடவென்று இறங்கின. இருபத்திமூன்று தலைகள் வெளியே வந்தன.

"டெல்லா!" என்று கத்தினார்கள். "அவ பேர் டெல்லா! மூணு வயசு!"

பிறகு ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துக்கொண்டு, வெர்லீன் அவர்களுக்குச் சொல்லியிருந்தபடியே நாயையும் சேற்றையும் காய்ச்சலையும் ஏழு சிப்பியையும் சொல்ல ஆரம்பித்தார்கள். நாற்பது சொல்லை எப்போதோ தாண்டியாயிற்று. வெர்லீன் சிவப்பு விளக்கைப் போட்டாள், கையை நீட்டிவிட்டாள், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.